மூணு மாத்திர, அர டம்ளர் தண்ணி

இந்த சீட்டுக்கு ஆள் வராங்களா சார்? இல்லையா. அப்போ உக்காந்துக்கறேன். கொஞ்சம் அந்த ஜன்னல நல்லா தள்ளி விடுங்க. இன்னும். முழுசா. காத்து வரட்டும் சார், காத்துக்கு ஒண்ணும் டிக்கெட் கெடையாது.

கண்டக்டர் என்னப் பாத்து சிரிக்கறாரு பாத்தீங்களா. பதினோரு வருசமா இந்தத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல இவரு வண்டியில ஏறி எறங்கறேன், இன்னைக்குத்தான் மொத மொதலா டிக்கெட் வாங்கியிருக்கேன். "இன்னா மரப்பா, தட்டக் காணோம், பொண்ணு பாக்கப் போறியா"ங்கறாரு. ஸ்டாண்டுல எம் பேரு அதான். இஞ்சி மரப்பா விக்கறேன். தட்சிணாமூர்த்தினு கூப்ட்டா யாரோ கோயில் குருக்களக் கூப்படறாங்கனு நான் பாட்டுக்குப் போயிடுவேன்.

கைய எங்க வைக்கறதுன்னே தெரியல சார். எப்பவும் ஒரு கையில தட்டு, ஒரு கையில கம்பி. இன்னைக்கு ரெண்டும் சும்மா கெடக்குது, சாப்பிட்டு முடிச்சும் பந்தியில உக்காந்துக்கினு இருக்கறவன் மாதிரி.

இந்தப் பையா? ஒண்ணுமில்ல. ஒரு டப்பா. சொல்றேன்.

முண்டியம்பாக்கம் போறேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு. எனக்கு இல்ல சார். எம் பொண்ணுக்காவ.

நாலு வயசு. பேரு தேன்மொழி. பேரு வச்சவன் நான்தான். கொஞ்ச நாள் பொறுத்து, நாக்கு எப்டி இருக்குதுனு பாத்துட்டு வச்சிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்.

ரெண்டு மாசமா சாப்பாடு எறங்கல அதுக்கு. சாயங்காலமானா ஒடம்பு சுடும். கழுத்துல, இதோ இங்க, கோலிகுண்டு மாதிரி ரெண்டு கட்டி. நாலு வயசுக்கு பதினோரு கிலோ சார், எங்க தெருவுல சேவலே நாலு கிலோ இருக்குது. தூக்கிக்கினு போய்க் காட்டினோம். படம் புடிச்சு, ஊசி குத்திப் பாத்து, பிரைமரி காம்ப்ளக்ஸ்னாங்க. எனக்குத் தெரிஞ்ச காம்ப்ளக்ஸ் எல்லாம் கடத்தெருவுலதான் இருக்குது. அப்பறம் விளக்கிச் சொன்னாங்க, கொழந்தைங்களுக்கு வர டி.பி.னு.

ஆறு மாசம் மருந்து. தினம் காலையில வெறும் வயித்துல மூணு மாத்திர, அர டம்ளர் தண்ணி. தண்ணில போட்டா தானா கரஞ்சு செவப்பா நிக்கும். ஒழுங்கா குடுத்தா சுத்தமா போயிடும், விட்டு விட்டுக் குடுத்தா கிருமி மருந்தப் பழகிக்கும், அப்பறம் இந்த மருந்துக்கு அது மசியாதுன்னாங்க. மருந்து சும்மாதான் குடுக்கறாங்க சார். அத அது வாயிக்குள்ள கொண்டு போறதுக்குத்தான் நாலு ஆளு வேணும்.

இன்னொண்ணும் சொன்னாங்க. மருந்து உள்ள போச்சுனா மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போவும், பயப்படாதீங்க, அதான் சாட்சினு. இத ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி வேலை இருக்குது.

ஏன் சார் வண்டிய எடுக்கவே மாட்றான்? டிரைவர் டீக்கடையில இன்னா சம்பந்தமா பேசறாரு?

எடுத்துட்டான். சரி.

வாரா வாரம் வூட்டுக்கு வர சிஸ்டர் ஒருத்தங்க, லூர்துமேரினு பேரு. ஸ்கூட்டியில வருவாங்க. மொத நாளே உக்காந்து நோட்டத் தொறந்து கேட்டாங்க: "கொழந்தைக்கு இது தானா வராது. பக்கத்துல பெரியவங்க யாரோ இருமறாங்க. யாரு?"

நான் வுடுவனா. பால்காரர் இருமறாருனேன். எதிர் வூட்டு வாத்தியார் ராகம் போட்டு இருமறாருனேன். பால்வாடியில சத்துமாவு கிண்டற அம்மா தும்மறாங்கனேன். எம் பொஞ்சாதி பரிமளாவோட சித்தப்பா பொங்கலுக்கு வந்து ரெண்டு நாளு இருமிட்டு, போவசொல்ல கரும்பையும் தூக்கிக்கினு போனாருனேன். ஊருல பாதிய எழுதிக் குடுத்தேன் சார். அந்தம்மா ஒண்ணு கூட எழுதல. பேனாவ மூடி வச்சுட்டு என்னையே பாக்கறாங்க.

அந்நேரம் பாத்து எனக்குத் தொண்டையில ஒரு கரகரப்பு.

எனக்கு இருக்கறது தொழில் இருமல் சார். காலையில இருந்து கத்தறவனுக்குத் தொண்ட கட்டாம இன்னா பண்ணும்? நாலு மாசமா இருக்குது. ஒடம்பு எளச்சது வெயிலு. பெல்ட்டுல புதுசா மூணு ஓட்ட போட்டேன், அது பெல்ட்டு சரியில்ல, மட்டமான தோலு, நீண்டுக்குது. ராத்திரி வேர்க்குதுனா திண்டிவனத்துல யாருக்குத்தான் வேர்க்கல?

சிஸ்டர் மூடி போட்ட ஒரு டப்பா குடுத்தாங்க. "காலையில எழுந்ததும் ஆழமா இருமி, நெஞ்சுச் சளிய இதுல துப்பிக் குடுங்க. ரெண்டு பேரும்." பரிமளா மறுநாளே குடுத்துட்டா. அவளுக்கு ஒண்ணுமில்ல. நான் யோசன பண்ணேன்.

நீங்களே சொல்லுங்க சார். நான் விக்கறது இன்னா? "இஞ்சி மரப்பா இஞ்சி மரப்பா, பித்தம் வாந்தி தலசுத்தலு, ஏப்பம் எளப்பு இருமலு, வாயில போட்டா வழி தெரியாம ஓடும், காராது கசக்காது, கொழந்தையும் திங்கும் கெழவியும் திங்கும்." இதச் சொல்லிட்டு நானே லொக்குனு இருமினா எவன் வாங்குவான்? டி.பி.னு ஒரு வார்த்த ஸ்டாண்டுல காதுல விழுந்தா போதும், எந்தப் பஸ்ல என்ன ஏத்துவாங்க?

பரிமளாவோட தம்பி ஒருத்தன், பச்சையப்பன்னு. நெல்லு மண்டியில மூட்ட தூக்கறவன். அவன் நெஞ்சு இருக்குதே, ஊதினான்னா லாரி டயருக்குக் காத்து புடிச்சுரலாம். அன்னைக்குக் காலையில சட்டினி கேட்டு வந்தான். டப்பாவ நீட்டினேன். "எதுக்கு மாமா"ன்னான். "ஊருலயே நல்ல சளி யாருதுனு கெவர்மெண்டுல பாக்கறாங்கடா மச்சான்"னேன். சந்தோசமா துப்பினான் சார். அவனுக்கு எதுலயும் பரிசு வந்ததில்ல.

வாசப்படியில எம் பொண்ணு பல்பொடிய கையில கொட்டிக்கினு நிக்கறா. பல்லு வெளக்கல. பாத்துக்கினு நிக்கறா. நாலு வயசுப் புள்ளைக்கு இன்னா தெரியும்னு நானும் விட்டுட்டேன்.

ரிசல்ட்டு வந்துச்சு. கிருமி இல்ல. பச்சையப்பனுக்குக் கிருமி இல்லனு எம் பேர்ல முத்திர குத்தி சீட்டு. அத சட்டப் பாக்கெட்டுல வச்சுக்கினு நெஞ்ச நிமித்திக்கினு நடந்தேன். நாலு நாள்ல எனக்கே நம்பிக்க வந்துருச்சு சார், அது என் சளிதான்னு.

ஒரு நிமிசம்.

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தூசி. அதுக்குத்தான் இந்தத் துண்டு. நீங்க ஜன்னல் பக்கமே மூஞ்ச வச்சுக்கங்க.

சிஸ்டர் மட்டும் சீட்டப் பாத்துட்டு, என்னப் பாத்துட்டு, மறுபடி சீட்டப் பாத்தாங்க. "எதுக்கும் முண்டியம்பாக்கம் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க"ன்னாங்க. ஆகட்டும் சிஸ்டர்னேன். ஆகட்டும்ங்கறதுக்கு நாளு கெழம கெடையாது பாருங்க.

இப்ப மருந்துக் கதைக்கு வரேன்.

அந்த மருந்துல பழ வாசன போட்டிருக்காங்க சார். ஆனா வாசன வாசலோட நின்னுக்கும், கசப்புதான் வூட்டுக்குள்ள வரும். மொத நாளு ஏமாந்து குடிச்சா. ரெண்டாம் நாளு டம்ளரப் பாத்ததும் பல்ல இறுக்கிக்கினா. பரிமளா மூக்கப் புடிச்சா, நான் தாடையப் புடிச்சேன், பச்சையப்பன் கால் ரெண்டையும் புடிச்சான். மூட்ட தூக்கறவன் சார் அவன். அவனையே ஒத உட்டா. மருந்து மூணு பேர் மேலயும் தெளிச்சு, அன்னைக்குப் பூரா ஹோலி பண்டிக மாதிரி திரிஞ்சோம். தேன்ல கொழச்சுக் குடுத்தோம், தேன நக்கிட்டு மருந்தக் கரெக்டா ஒதுக்கித் துப்பறா. பொம்மைக்குக் குடுக்கற மாதிரி குடுத்தோம், "பொம்மையே குடிக்கட்டும், அதுக்குத்தான் சீக்கு"ன்னுட்டா.

பதினோரு வருசம் சார். ஒரு வண்டிக்கு அறுவது பேரு. சோடா குடிச்சவன், சண்ட போட்டவன், தூங்கறவன், எல்லார்கிட்டயும் வித்திருக்கேன். பல்லே இல்லாத ஒருத்தர்கிட்ட ரெண்டு பாக்கெட்டு வித்திருக்கேன். இந்தப் பதினோரு கிலோவுக்கு ஒரு டம்ளரு விக்க முடியல.

அப்பறம் தொழில் புத்திய உட்டேன். ஒரு மரப்பாவப் பொளந்து, மாத்திரய நுணுக்கி நடுவுல வச்சு, அமுக்கி, சக்கர தூவி நீட்டினேன். அவளுக்கு மரப்பானா உசுரு. வாயில போட்டா. மென்னா. நின்னா. அழல சார். அழுதிருந்தா பரவால்ல. உள்ளங்கையில துப்பி, அதையே பாத்துட்டு, "இது பஸ்ல விக்கறதாப்பா?"ன்னு கேட்டா. ஆமாம்மானேன். வேற இன்னா சொல்றது.

மறுநாளு பரிமளா நூறு நாள் வேலைக்குப் போயிட்டா. புள்ளய ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கினு வந்து, டிரைவர் பக்கத்துல உக்கார வச்சேன். நல்ல கூட்டம். நான் எடுத்து உட்டேன், பித்தம் வாந்தி தலசுத்தலு. ஒரு காலேஜ் பொண்ணு, மூஞ்செல்லாம் வெளுத்துப் போய், ஒரு பாக்கெட்டு குடுங்கண்ணானு கைய நீட்டுது. நான் காராது கசக்காதுங்கறேன். முன்னாடி இருந்து ஒரு சத்தம்.

"கசக்கும்."

திரும்பிப் பாக்கறேன். கியர் பொட்டி மேல ஏறி நிக்கறா. "கசக்கும். நான் துப்பிட்டேன்."

பஸ்ஸே சிரிச்சுது சார். அந்தக் காலேஜ் பொண்ணு வாந்தி எடுக்கறத மறந்துட்டு சிரிக்குது. நீட்டின கைய உள்ள இழுத்துக்கிச்சு. "இவரு பொண்ணா? அப்ப நெசமாத்தான் இருக்கும்"னு பின்னாடி ஒரு கெழவர் தீர்ப்பு சொல்லிட்டாரு. அன்னைக்குத் தட்டு கொண்டு போன மாதிரியே வூட்டுக்கு வந்துச்சு.

எந்த ஸ்டாப்பு இது? கூட்டேரிப்பட்டு. எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வந்துரட்டுமா? வுட மாட்டாரு இவரு. வேணாம். எறங்கினா ஏற மாட்டேன்.

சாயங்காலம் மெதுவா கேட்டேன், "ஏம்மா அப்டி சொன்ன?" அவ சொல்றா, "நீ கசக்காதுனு சொல்லசொல்ல ஒரு கொரல்ல சொல்றப்பா. பஸ்ல சொல்ற கொரல். மருந்து குடுக்கசொல்லயும் அதே கொரல்தான்."

நான் ஆளு ஆடிப் போயிட்டேன் சார். எனக்கே தெரியாது எனக்கு ரெண்டு கொரல் இருக்குதுனு.

சரி, சாதா கொரல்லயே சொல்வோம்னு மறுநாள் காலையில டம்ளர வச்சேன். "கசக்கும்மா. வேப்பெண்ண மாதிரி இருக்கும். ஆனா கழுத்துக் கட்டி போயிடும்." அவ யோசிச்சா. டம்ளர எடுத்துக்கினா. "நான் வெளிய போய்த் தனியா குடிக்கறேன். நீங்க யாரும் பாக்கக் கூடாது." போனா. வந்தா. டம்ளர் காலி. வாயத் தொடச்சுக்கினு நிக்கறா.

நாங்க மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறோம். பரிமளாவுக்குக் கண்ணுல தண்ணி. மறுநாளும் காலி. அதுக்கு மறுநாளும் காலி. ஸ்டாண்டு பூரா சொன்னேன் சார். புள்ளைங்கள அடிச்சுக் குடுக்கக் கூடாதுப்பா, உண்மையச் சொல்லிக் குடுக்கணும்னு பழக்கட அண்ணாச்சிக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். அவருக்குக் கல்யாணமே ஆவல.

ஒம்போது நாளு.

எங்க பக்கத்து வூட்டுல அஞ்சலாட்சினு ஒரு அம்மா. பையனுக்கு வேல கெடைக்கணும்னு மலையனூர் அங்காளம்மாவுக்கு ஒரு கெடா நேர்ந்து விட்டிருக்காங்க. வாசல்ல முருங்க மரத்துலதான் கட்டியிருப்பாங்க. ஒரு நாள் காலையில ஓ-னு சத்தம். போய்ப் பாத்தா, கெடா மூத்திரம் பேஞ்ச எடம் செக்கச்செவேல்னு இருக்குது. "ஆத்தா கோச்சுக்கினா, ரத்தமா போவுது"னு அந்தம்மா மாரடிச்சுக்கறாங்க. பூசாரி வந்தாரு. தெருவுல யாரோ தீட்டோட நடந்துட்டாங்கனாரு. எலுமிச்சம்பழம் அறுத்தாங்க, வேப்பல அடிச்சாங்க. அடிச்ச வேப்பலைய கெடா பின்னாடியே திரும்பித் தின்னுது. நானும் அக்கறையா நின்னு, "ஆமாமா, போன வாரமே எனக்கு ஒரு மாதிரி கெட்ட காத்து அடிச்சுது"னு சாட்சி சொன்னேன்.

அந்நேரம் லூர்து சிஸ்டர் ஸ்கூட்டிய நிறுத்தறாங்க. கூட்டத்த வெலக்கிப் பாத்தாங்க. குனிஞ்சாங்க. தரையப் பாத்தாங்க, கெடாவப் பாத்தாங்க, எம் பொண்ணப் பாத்தாங்க.

"அஞ்சலாட்சிம்மா, இந்தக் கெடா எத்தன நாளா டி.பி. மருந்து சாப்புடுது?"

எம் பொண்ணு பயப்படல சார். கேட்டதுக்கு பதிலு. "ஒம்போது நாளா. அதுக்குக் கசப்பு புடிக்கும். வேப்பந்தழ திங்குது இல்ல."

ஒம்போது நாளும் அவ பின்னாடி போய், அவ மூத்திரம் இன்னா கலர்னு ஒருத்தரும் பாக்கல. டம்ளர் காலியா இருந்தா போதும்னு நின்னுட்டோம். அப்டி நம்பி நிக்க வச்சவன் நான்தான், வேற யாரு. உண்மையச் சொன்னா புள்ள உண்மையா இருக்கும்னு நான்தானே ஊருக்குப் பாடம் எடுத்தேன்.

பரிமளா புள்ளையோட தோளப் புடிச்சு உலுக்கறா. "ஏன்டி, உன் மருந்த ஆடு குடிச்சா உனக்கு எப்டிடி சரியாவும்?"

அவ அம்மாவப் பாக்கல. என்னப் பாக்கறா.

"மாமா துப்பினதுக்கு அப்பாவுக்கு சரியாவல?"

அம்மாடி. பூசாரி கையில பாதி எலுமிச்சம்பழம். பச்சையப்பன் வாயத் தொறந்தான். "மாமா, அப்ப அந்தப் பரிசு..." அவன் அக்கா பாத்த பார்வையில வாய மூடிக்கினான். அப்பறம் அந்தப் பார்வ என் பக்கம் வந்துச்சு. பதினோரு வருசமா பேசறவன் சார். கெடாவோட கயித்த அவுத்து அவுத்துக் கட்டினேன்.

சிஸ்டர் கத்தல. கத்தியிருக்கலாம். பையில இருந்து எட மிஷின எடுத்து, புள்ளய நிக்க வச்சாங்க. பத்து கிலோ எழுநூறு. முன்னூறு கிராம் கொறஞ்சிருக்குது. கெடா ஏறியிருக்கும். "தட்சிணாமூர்த்தி, கூரையில ஓட்டய வச்சுக்கினு தரையத் தொடச்சா எப்ப காயும்? இது மருந்து குடிக்கும். நீங்க பக்கத்துல படுத்து இருமுவீங்க"ன்னாங்க. அவ்ளோதான். இன்னொரு டப்பாவ திண்டுல வச்சுட்டு, புள்ளைக்கு மாத்திரயக் கரைக்க உள்ள போயிட்டாங்க. அவங்க குடுத்தும் புள்ள வாயத் தொறக்கல.

அன்னையில இருந்து எம் பாய் வெளிய. தட்டு தனியா, சொம்பு தனியானு பரிமளா சொல்லல, நானே எடுத்து வச்சுக்கினேன். எனக்குப் பழக்கம் அது. எங்கப்பாவுக்கு இதே சீக்கு. தட்டு தனி, சொம்பு தனி, கடைசியில தெருவே தனி. மருந்து குடுத்தாங்க அவருக்கும், ரெண்டு மாசம் தின்னாரு, ஒடம்பு தேறிடுச்சுனு விட்டுட்டாரு. வேண்டாம் சார் அந்தக் கத. இது சிரிக்கற கத.

இப்ப புள்ள இன்னா சொல்லுதுன்னா, "நீ மொதல்ல குடி. உன்னுது ஆரஞ்சா வந்தா நான் குடிக்கறேன்." எனக்குச் சீக்கு இல்லம்மானு சொன்னேன். "பஸ் கொரல்"னுட்டா.

ரெண்டு நாளு முன்ன நான் ஒரு வேல பண்ணேன். சொன்னா சிரிப்பீங்க. ஆரஞ்சு ஜூஸ் பவுடரு ஒரு பாக்கெட்டு வாங்கி, தண்ணியில கலக்கி, செவுத்தோரம் ஊத்தி வச்சுட்டு, "வாம்மா, வந்து அப்பாவுத பாரு"னேன். வந்தா. குந்தினு பாத்தா. தலையாட்டினா. செரி குடிச்சுருவானு நெனச்சேன். "இருப்பா, நாளைக்குப் பாக்கலாம்"னுட்டுப் போயிட்டா. மறுநாள் காலையில என்னக் கூட்டிக்கினு போய்க் காட்டறா. எறும்பு சார். மூணு தெரு எறும்பு. "ஏம்ப்பா, உன்னுது இனிக்குதா?" எதிர் வூட்டு வாத்தியார் எட்டிப் பாத்துட்டு, எதுக்கும் சுகர் டெஸ்ட்டு எடுத்துருங்கனாரு.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். ஆனா இன்னையோட மூணு நாளு சார், ஒரு சொட்டு உள்ள போவல. கெடாவுக்குப் போன ஒம்போது, இது மூணு, பன்னண்டு. இன்னும் ரெண்டு நாள் போனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், இல்லனா படுக்க வச்சு மூக்கு வழியா கொழா போட்டுத்தான் குடுக்கணும்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. அந்த மூக்கு எவ்ளோ இருக்கும்ங்கறீங்க? இதோ, என் சுண்டுவிரல் நுனி. இதுல எங்க கொழா போடுவாங்க.

டோல்கேட்டு வந்துருச்சு போல. விக்கிரவாண்டி. அடுத்தது எறங்கணும். இவ்ளோ சீக்கிரமாவா வந்துச்சு? நாம ஏறி எறங்கசொல்ல இந்த ரோடு இன்னும் நீளமா இருக்கும்.

காலையில ரெண்டு பேரும் ஸ்டாண்டுக்கு வந்தாங்க, என்ன ஏத்தி விட. பரிமளா பேசல. நாலு பேரு எதிர்ல எங்கூட நின்னாளே, அதுவே பெருசு. புள்ள இந்தப் பையத் தொட்டுப் பாத்து, "தொறந்து காட்டு"ன்னா. தொறந்தா கிருமி பறந்துரும்மானேன். அப்பறம் நான் படியில காலு வைக்கசொல்ல, கையப் புடிச்சுக்கினு சொன்னா, "கசக்கும்ப்பா. ஆனா சீக்கிரம் முழுங்கிட்டா போயிடும்."

சாதா கொரல்ல சொன்னா சார்.

இதோ பாருங்க டப்பா. பாத்தீங்களா. காலி. காலையில துப்பல. கைக்கு வந்துச்சு, வாய்க்கு வரல. வெறும் டப்பாவத்தான் மூடி, முடிச்சு போட்டுக் கொண்டு வந்திருக்கேன்.

உண்மையச் சொல்லிடறேன். உங்க பக்கத்துல வந்து உக்காந்ததே அதுக்குத்தான். ஸ்டாண்டுல அரமணி நேரமா ஆளு பாத்துக்கினு இருந்தேன். ஒருத்தர் பீடி, ஒருத்தர் மூக்கு சிந்தறாரு. நீங்கதான் நிமிந்து நின்னீங்க, ஒரு வாட்டி கூட இருமல. நல்ல நெஞ்சுனு பாத்து வச்சேன். பேச்சுக் குடுத்து, சிரிக்க வச்சு, எறங்கறதுக்கு முன்னாடி டப்பாவ நீட்டி, சார் சார் ஒரு ஒதவினு... கேட்டிருந்தா குடுத்திருப்பீங்க. நான் கேட்டு யாரும் இல்லனு சொன்னதில்ல.

இல்ல, நீங்க துப்ப வேணாம் சார். டப்பாவ இப்டிக் குடுங்க.

எக்ஸ்ரேல ஆள் மாத்த முடியாது பாருங்க. இந்தப் பனியனோட நானேதான் நிக்கணும். சிஸ்டர் அதுக்குத்தான் எக்ஸ்ரேனு எழுதியிருக்காங்க, படிச்ச பொம்பள. சளியும் அங்கயே குடுக்கலாமாம். வெளிய, காத்தாட, ஆளில்லாத எடமா பாத்து.

விசிலு ஊதிட்டாரு. எறங்கறேன், எறங்கறேன்யா, மரப்பா ஒண்ணும் திருடிக்கினு போவல.

சார், ஒரே ஒரு ஒதவி. எதிர்ப்பக்கம் திண்டிவனம் போற வண்டி நிக்கும், என் காலு தானா அங்கதான் போவும், அதுக்குப் பதினோரு வருசப் பழக்கம். வண்டி எடுக்கற வரைக்கும் ஜன்னல்லயே இருங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போவாம ரோட்டத் தாண்டினேன்னா, 'கசக்கும்'னு ஒரு சத்தம் குடுங்க. சாதா கொரல்லயே குடுங்க. அந்தக் கொரலுக்குத்தான் நான் நிப்பேன்.